கொன்ஸ்ரன்ஸ் அக்காவின் பெட்டி எழுத்து

எகிப்துக்காரர் பிரமிட் கட்டினார்கள். சீனாக்காரர் நீளமாக ஒரு சுவர் கட்டினார்கள். கொட்டாஞ்சேனையில், எங்கள் லேனில், ஒன்பதாம் இலக்க வீட்டில் இருக்கும் கொன்ஸ்ரன்ஸ் அக்கா ஒரு ‘ட’ கட்டினார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் பரிசு ‘ட’வுக்குத்தான். பிரமிட் நாலு பக்கமும் சரிந்து கிடக்கிறது. சீனச் சுவர் வளைந்து வளைந்து போகிறது. அக்காவின் ‘ட’ ஒரு மயிரிழைகூடச் சரியாது, வளையாது. கொழும்பு முழுக்கக் கடலுக்குள் போனாலும் அந்த ‘ட’ மட்டும் தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். மீன்பிடிக்கப் போகிறவர்கள் அதில் வள்ளத்தைக் கட்டலாம்.

இந்தக் கட்டுரையை முதல் தடவையும் இப்படித்தான் தொடங்கினேன். எங்கள் லேன் மரண உதவிச் சங்கத்தின் இருபத்தைந்தாவது ஆண்டு மலருக்கு ‘எங்கள் அயலவர்’ என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்கு வெறும் ‘எஸ்’ எடுத்தவனிடம் போய்க் கேட்டதற்குக் காரணம், மற்ற எல்லாரும் வேலை இருக்கிறது என்று ஓடிவிட்டதுதான். இது இரண்டாம் தடவை எழுதுவது. பிரமிட்டை அப்படியே விட்டிருக்கிறேன், அதில் பொய் இல்லை. மற்றதைத் திருப்பி எழுத வேண்டி வந்தது. ஏன் என்பது கடைசியில் தெரியும்.

கொன்ஸ்ரன்ஸ் அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. தனி ஆள். துறைமுகத்தில் வேலை செய்த அப்பா செத்த பிறகு அந்த வீட்டில் அவரும் ஒரு பழைய கொம்பியூட்டரும்தான். றொபேட் சேரின் அச்சகத்தில் பதினாறு வருடம் வேலை செய்தார். கல்யாணக் காட், முதல் நன்மை அழைப்பிதழ், பில் புத்தகம் எல்லாம் அவர் கையால்தான் போகும். அதிகம் போனது மரண அறிவித்தல். கொட்டாஞ்சேனையில் ஆள் செத்தால் முதலில் பாதர், அடுத்தது சவப்பெட்டிக்கடை, மூன்றாவது கொன்ஸ்ரன்ஸ் அக்கா. சைவக்காரருக்கு ஐயர், மற்றபடி வரிசை அதேதான்.

2019இல், உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. அந்தக் கிழமை முழுக்க அச்சகத்தில் மரண அறிவித்தலைத் தவிர வேறொன்றும் அடிக்கவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. ஜன்னலெல்லாம் பூட்டிய வீட்டுக்குள் என்னையும் பூட்டி வைத்திருந்தார்கள். அக்கா அந்தக் கிழமையைப் பற்றிப் பிறகு என்னிடம் சொன்னது ஒரே ஒரு விஷயம். அவசரமாக அடித்த ஓர் அறிவித்தலைப் போட்டோக்கொப்பி எடுக்க எடுக்க மை பரவி, வயதில் இருந்த ஆறு எட்டுப் போல ஆகிவிட்டது. அடுத்த நாள் ஒரு தாய் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. தாளை மேசையில் வைத்தார்.

“பிள்ளைக்கு ஆறு வயசு, மிஸ். எட்டு இல்ல. எட்டு வர இன்னும் ரெண்டு வருசம் இருந்தது.”

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் அக்கா ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி வாங்கினார். அதில் முதலில் கீறியது எழுத்தை அல்ல, இலக்கத்தை. ஆறின் வயிற்றைச் சதுரமாக்கி, வாயை அகலமாகத் திறந்துவிட்டார். எவ்வளவு மை குடித்தாலும் அந்த வாய் மூடாது. ஒன்றுக்குக் கீழே தட்டையாக ஒரு பாதம் வைத்தார், ஏழுக்கு வைக்கவில்லை. ஒன்று நிற்கிறதும் ஏழு தொங்குகிறதும் தெருவின் மற்றப் பக்கத்தில் இருந்தே தெரியும். பத்து இலக்கமும் முடிய மூன்று மாதம் போனது.

பிறகுதான் எழுத்து, கொப்பியில் கீறிக் கொம்பியூட்டரில் எழுத்துருவாக்கினார். தமிழில் ட, ப இரண்டும் பிறவியிலேயே சதுரம், கரைச்சல் தராத பிள்ளைகள். ஞ, ண, ஐ எல்லாம் இடியப்பக் கூட்டம். ‘ண’வின் சுழிகளைச் சதுரமாக்கியபோது அது ஜன்னல் கம்பி போல வந்து நின்றதாம். கடைசியில் மற்ற எழுத்துகளைவிட அதற்கு ஒன்றரை மடங்கு இடம் கொடுத்தார், சுழிகளுக்கு நடுவில் காற்றுப் போகட்டும் என்று. நிற்கிற கோடெல்லாம் தடிப்பு. படுத்திருக்கிற கோடு கொஞ்சம் மெல்லிசு. உள் மூலைகளை மட்டும் துளி தோண்டி விட்டிருப்பார். மை பரவினால் அந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு அங்கேயே நிற்கும். கோடு முடிகிற இடமெல்லாம் அந்தத் தட்டைப் பாதம் இருக்கும். ஒரு பெயரை எழுதிப் பார்த்தால் எல்லா எழுத்தும் ஒரே தரையில் காலை ஊன்றி, சாவு வீட்டு வரிசையில் நிற்கிறவர்களைப் போல நிற்கும். ஒருவரும் சாயமாட்டார்கள், ஒருவரும் பல்லைக் காட்டமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் புள்ளி. மெய்யெழுத்துக்கு மேலே வைக்கிற புள்ளி அதுவரை வேறோர் எழுத்துருவில் இருந்து இரவல் வாங்கியது, வட்டமாகக் கிடந்தது. கொரோனா ஊரடங்கில் வேலை இல்லாமல் இருந்தபோது அதையும் சதுரமாக்கி முடித்தார்.

அந்த எழுத்தைப் பெரிதாகப் போட்டால்தான் அதற்கு மரியாதை. பெயர், வயது, மேலே ‘மரண அறிவித்தல்’ என்ற தலைப்பு, அவ்வளவுதான். ‘இன்னாரின் அன்பு மகனும் இன்னாரின் பாசமிகு கணவரும்’ என்று சின்னதாக ஓட்டினால் கோழிக்கூட்டு வலை மாதிரி இருக்கும், ஒன்றும் தெரியாது. அதற்கு அக்கா வேறு சாதாரண எழுத்துப் போடுவார். இரும்புக்கடை ஹுசைன் நானா தன் பெயர்ப்பலகைக்கு அந்த எழுத்தைக் கேட்டு வாங்கினார். இரும்புக்கு நன்றாகப் பொருந்தியது. ஒரு கேக் கடைக்காரரும் வந்து கேட்டார்.

“உங்களுக்கு வேணாம்” என்றார் அக்கா. “கேக் கல்லுப் போல இருக்கும் எண்டு சனம் நினைக்கும்.”

லேனில் அதற்குப் ‘பெட்டி எழுத்து’ என்று பெயர் வந்தது. வேறு எந்த அச்சகத்திலும் அது இல்லை. கொட்டாஞ்சேனைச் சுவர் ஒன்றில் அந்த எழுத்தில் ஒரு பெயர் வந்தால், அந்த ஆள் செத்துவிட்டார் என்று அர்த்தம். யாரும் போன் எடுத்து விசாரிக்க மாட்டார்கள். அக்கா சாவு வீட்டாரிடம் பெயரை எழுதித் தரச் சொல்லி, வாசித்துக் காட்டி, வயதை இரண்டு தரம் கேட்டுத்தான் அடிப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். அவரிடம் இருந்த சொத்து அந்த நம்பிக்கை ஒன்றுதான். அதை உடைத்தவன் நான்.

எங்கள் கிரிக்கெட் டீமுக்கு டீசேட் அடிக்க வேண்டியிருந்தது. பெட்டி எழுத்தில் பெயரும் இலக்கமும் இருந்தால் எதிர் டீம் பயப்படும் என்று நினைத்தோம். நான் போய்க் கேட்டேன்.

“செத்தவைக்குப் போடுறதை உங்களுக்குத் தரமாட்டன்” என்றார் அக்கா. நான் வாசற்படியில் உட்கார்ந்து அரை மணித்தியாலம் அழுகிற மாதிரி நடித்தேன். “சரி, எழும்பு. பழசொண்டு கிடக்கு, அதைக் கொண்டு போ. ஒருத்தருக்கும் குடுக்கக்கூடாது, விளங்கிச்சோ?”

பென் ட்ரைவில் போட்டுத் தந்தார். பழசோ புதுசோ, எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

எங்கள் சங்கத்தின் செயலாளர் யேசுரட்ணம் அங்கிள். நாலாம் இலக்க வீடு. அவர் வீட்டு முற்றத்தில் பந்து விழுந்தால் சமையலறைக் கத்தியால் இரண்டாக வெட்டி, இரண்டு பாதியையும் மதிலுக்கு மேலால் போடுவார். அந்த வருடம் மட்டும் பதின்மூன்று பந்து. என் சித்தப்பா செத்தபோது சங்கத்துக் கதிரைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு முதலில் வந்தவரும் அவர்தான். அதை நான் அந்தக் கிழமை நினைத்துப் பார்க்கவில்லை.

2023 ஏப்ரல் முதலாம் தேதி. எனக்குப் பதினைந்து வயது. முதல் நாள் வெள்ளவத்தைக்குப் பஸ்ஸில் போய், என்னைத் தெரியாத ஒரு கொமினிகேஷன் போட்டோக்கொப்பிக் கடையில் மூன்று தாள் அடித்துக்கொண்டு வந்திருந்தேன். ‘மரண அறிவித்தல். யேசுரட்ணம். வயது 77.’ படம் இல்லை, சிலுவை இருந்தது. அங்கிளும் மனைவி றஞ்சிதம் அன்ரியும் இரத்மலானையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். விடியற்காலையில் லேன் வாசலில் இரண்டு, அவர் கேற்றில் ஒன்று என்று ஒட்டினேன். பத்து மணிக்கு எல்லாரும் சிரிப்பார்கள், பதினொரு மணிக்கு அவர் வந்து கத்துவார், நாங்கள் மதிலுக்குப் பின்னால் நின்று கேட்போம். திட்டம் அவ்வளவுதான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பெட்டி எழுத்துத்தானே. அதோடு எங்கள் சங்கத்தில், சாவுச் செய்தி உண்மையா என்று வீட்டுக்குப் போய் உறுதிப்படுத்துவது செயலாளரின் வேலை. செயலாளரே செத்துவிட்டதால் உறுதிப்படுத்த ஆள் இல்லை. அங்கிளின் போனுக்கு எடுத்தார்கள். அவர் அதைக் கொண்டு போகவில்லை, பூட்டிய வீட்டுக்குள் அது அடித்துக்கொண்டே இருந்தது. மகள் வீட்டில்தான் உயிர் போயிருக்கிறது, உடலைக் கொண்டு வரப்போகிறார்கள் என்று முடிவெடுத்தார்கள். ஒன்பது மணிக்கு லேன் முழுக்க வெள்ளைக் கொடி. தெமட்டகொடையில் இருந்து கூடாரம் ஏற்றிய லொறி வந்தது. சாரதி தலையை நீட்டி என்னிடம் சிங்களத்தில் கேட்டான்.

“மல்லி, மளகெதர கொஹேத?”

தம்பி, சாவு வீடு எங்கே என்று கேட்கிறான். ‘ஒருத்தரும் சாகவில்லை, அண்ணே’ என்று அதே சிங்களத்தில் சொல்ல நாலு சொல் போதும். நான் கையை நீட்டி வீட்டைக் காட்டினேன்.

பதினொன்றரைக்கு யேசுரட்ணம் அங்கிள் ஒரு கையில் பலாப்பழமும் மற்றக் கையில் மனைவியின் பையுமாக லேன் வாசலில் வந்து இறங்கினார். கொடியைப் பார்த்தார். செயலாளர் அல்லவா, யார் என்று பார்க்க அறிவித்தலுக்குக் கிட்டப் போனார். சங்கத்து நோட்டீஸ்களை எப்படி வாசிப்பாரோ அப்படியே மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

“எழுபத்தேழு எண்டு கிடக்கு” என்றார். “எனக்கு எழுபத்தொண்டு.”

அக்காவின் இலக்கத்தில் மயக்கமே வராது. ஏழு ஏழாகத்தான் தொங்கியது. பிழை என்னுடையது.

றஞ்சிதம் அன்ரி கத்தத் தொடங்கினார். அங்கிள் கத்தவில்லை. தன் வாசலில் போட்டிருந்த வரிசையில் முதல் கதிரையில் உட்கார்ந்தார். அந்தக் கதிரையின் முதுகில் சங்கத்து இலக்கத்தைப் பெயின்றால் எழுதியதும் அவர்தான். தண்ணீர் கேட்டார். பலாப்பழத்தைக் கீழே வைக்க மறந்து மடியிலேயே வைத்திருந்தார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், ஒன்பதாம் நாள் அங்கே செத்துப்போனார். இதயத்தில் மூன்று அடைப்பு, பல வருடமாக இருந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னாராம். லேன் அதைக் கேட்டுக்கொண்டது, நம்பவில்லை. நானும்தான்.

அதற்கு முன்பே, நோட்டீஸ் ஒட்டிய மூன்றாம் நாள், அதில் ஒரு தாளோடு றொபேட் சேர் அக்காவின் மேசைக்கு வந்தார். நான் அப்போது கடையில் நின்றேன். என்ன கதைக்கிறார்கள் என்று அறியப் போயிருந்தேன்.

“கொன்ஸ்ரன்ஸ், இது நம்மட மெஷினில அடிச்சதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

அக்கா தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

“எழுத்து என்ட எழுத்துத்தான், சேர்.”

“அப்ப ஆர் அடிச்சது?”

அக்கா தாளை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார்.

“நீங்க சொல்லாட்டி நான் என்ன செய்றது? கடைக்குச் சனம் வரவேணாமா? நாளையில இருந்து வேலையால நிண்டுகொள்ளுங்க.”

அக்கா தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உனக்கு என்ன வேணும்?”

“ஒரு பக்கம் போட்டோக்கொப்பி” என்றேன்.

எடுத்துத் தந்தார். அதுதான் அந்தக் கடையில் அவர் செய்த கடைசி வேலை.

அங்கிளின் சாவு வீட்டுக்கு அக்கா பூக்கொத்தோடு போனார். றஞ்சிதம் அன்ரி படலையிலேயே மறித்தார்.

“உயிரோட இருக்கேக்க ஒண்டு அடிச்சாய். அது பலிச்சுதோ எண்டு பாக்க வந்தியோ?”

எல்லாருக்கும் கேட்டது. அக்கா பூக்கொத்தைப் பக்கத்து மதிலில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். வழி விட்டவர்களில் நானும் ஒருவன். யேசுரட்ணம் அங்கிளின் உண்மையான மரண அறிவித்தலுக்குப் பெட்டி எழுத்து வேண்டாம் என்று வீட்டார் சொல்லிவிட்டார்கள். வேறு கடையில், கல்யாணக் காட்டுக்குப் போடுகிற கொடியும் பூவுமான எழுத்தில் அடித்தார்கள். மனுஷன் சுவரில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். யாரும் அதைச் சொல்லவில்லை, நானும் அப்போது சொல்லவில்லை.

கொன்ஸ்ரன்ஸ் அக்கா இப்போது ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் முற்றத்தின் கேற்றில், தகரக் கூண்டுக்குள் இருக்கிறார். உள்ளே வருகிற, வெளியே போகிற பெட்டிகளின் இலக்கங்களைப் பதிவேட்டில் எழுதுவதுதான் வேலை. காலையில் இருந்து மாலை வரை புழுதியும் ஹோர்ன் சத்தமும். ஒருநாள் குடையை மறந்து போனார் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். பதிவேடு திறந்து கிடந்தது. பக்கம் முழுக்க நீலப் பேனையால் எழுதிய இலக்கங்கள். எல்லா ஒன்றுக்கும் கீழே பாதம் இருந்தது.

அதன் பிறகு இந்த இரண்டு வருடமும் நான் நல்ல பிள்ளையாக மாறிவிட்டேன். அக்காவுக்குக் காஸ் சிலிண்டர் தூக்கினேன், பாண் வாங்கிக் கொடுத்தேன், கூரையில் ஏறி ஒழுக்கு அடைத்தேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து “இவனுக்கு என்ன வருத்தமோ” என்றார். மலருக்கு எழுதக் கேட்டவுடன் அக்காவைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் அதனால்தான். பிரமிட்டில் தொடங்கி, ஆறு வயதுப் பிள்ளையின் கதையைச் சொல்லி, எழுத்தைப் பற்றியும் எழுதி, ‘இப்படிப்பட்டவரை நாம் திரும்ப அழைக்க வேண்டும்’ என்று முடித்தேன். ஏப்ரல் முதலாம் தேதியை ஒரே வரியில் தாண்டினேன்: ‘யாரோ செய்த விளையாட்டால் அவருக்குப் பழி வந்தது.’ யாரோ என்ற சொல் எவ்வளவு வசதியானது.

போன ஞாயிறு பூசை முடிந்து அக்கா வீட்டுக்கு வந்ததும், அச்சுக்குப் போக இருந்த தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைப்பில் அவர் பெயரைப் பெரிதாக, அவருடைய எழுத்திலேயே போட்டிருந்தேன். சந்தோசப்படுவார் என்று நினைத்தேன்.

அக்கா மேசையில் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டார்.

“பிரமிட் சரிஞ்சு கிடக்குதோ?” மூக்கால் சிரித்தார். “சரியான புளுகன்டா நீ.”

முழுவதையும் வாசித்தார். ‘யாரோ’ என்ற வரியில் நிற்கவில்லை. திரும்பத் தலைப்புக்குப் போய்த்தான் நின்றார். ‘கொன்ஸ்ரன்ஸ்’ என்ற பெயருக்கு மேலே விரலை வைத்து, ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டார்.

“என்ட பேரில நாலு புள்ளி.”

“ஓம் அக்கா.”

“நாலும் வட்டம்.”

எனக்கு விளங்கவில்லை. அக்கா எழும்பி அறைக்குள் போய்க் கைப்பையைக் கொண்டுவந்தார். நாலாக மடித்த தாள், மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. அதை விரித்து என் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்தார். யேசுரட்ணம்.

“அந்தாளுக்கு ரெண்டு. ரெண்டும் வட்டம்” என்றார். “சேரின்ட கொம்பியூட்டரில கிடந்தது சதுரப் புள்ளி மட்டும்தான். வட்டம் நான் குடுத்தது ஒரே ஒரு பென் ட்ரைவில.”

போஞ்சித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எப்ப தெரியும்?”

“சேர் தாளைக் கையில தந்த உடன. நீ பக்கத்தில நிண்டாய், போட்டோக்கொப்பி எடுக்க.”

“அப்பவே புள்ளியக் காட்டியிருந்தா வேலை போயிருக்காதே அக்கா.”

“காட்டியிருந்தா வட்டப் புள்ளி ஆரிட்ட எண்டு அடுத்ததாக் கேட்பினம். உனக்குப் பதினைஞ்சு வயசு. அந்தக் கிழமை லேன் இருந்த இருப்புக்கு உன்னை அடிச்சே முடிச்சிருக்கும்.” கண்ணாடியைக் கழற்றினார். “நீயா வந்து சொல்லுவாய் எண்டு பாத்தன். ஒவ்வொரு முறை நீ வாசலில நிக்கேக்கையும், இண்டைக்குச் சொல்லப்போறான் எண்டு நினைப்பன். பாணைத் தந்திட்டுப் போவாய். இப்ப பிரமிட் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்.”

எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது, அதை அவரே சொல்லி முடித்துவிட்டார்.

“மலர் றஞ்சிதம் அன்ரி வீட்டுக்கும் போகும்தானே?”

“ஓம்.”

அக்கா என் கட்டுரைத் தாளைத் திருப்பி வெறும் பக்கத்தை மேலே வைத்து, பேனையை அதன் மேல் வைத்தார்.

“அப்ப மிச்சத்தையும் எழுது.”

தாளையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வாசற்படி இறங்கினேன். பின்னால் கத்தி மறுபடி பலகையில் அடிக்கிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

“டேய் கஜி.”

திரும்பினேன்.

“தலைப்பை வேற எழுத்தில போடு. நான் இன்னும் சாகேல்ல.”